உம் கொட்டிய குற்றம்

என் அண்ணி காவல் நிலையத்தில் மொழிபெயர்ப்பாளர். பதினாறு வருடம் அந்த வேலையைப் பார்த்தார். எங்கள் தெருவில் அவருக்கு "ஸ்டேஷன் அக்கா" என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் வேறு பல பெயர்கள். அந்தப் பல பெயர்களில் பாதியை வைத்தவள் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். நாத்தனார் என்று ஒருத்தி இருந்தால் அவளுக்கும் ஏதாவது வேலை வேண்டாமா.

எங்கள் ஊரை ஒரு பாலம் இரண்டாகப் பிரிக்கிறது. அடியில் ஆறுகூடக் கிடையாது, வெறும் ரயில் தண்டவாளம். பாலத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் அவர்கள். மொழி வேறு, கும்பிடுகிற இடம் வேறு, கோபம் வந்தால் திட்டுகிற விதமும் வேறு. காவல் நிலையம் அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே பேசுவதும் எழுதுவதும் அவர்கள் மொழியில்தான். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அந்த மொழியில் பஸ் டிக்கெட் வாங்கத் தெரியும், அதோடு சரி. எனவே எங்களில் ஒருவரைக் கூட்டிப்போய் விசாரிக்க வேண்டுமென்றால் நடுவில் ஓர் ஆள் தேவை. அந்த நடு நாற்காலி அண்ணியுடையது.

வேலையில் அவரைக் குறை சொல்ல என் வாயாலேயே முடியாது. விசாரணை அறையில் ஒரு சத்தம் விடாமல் சொல்லிவிடுவாராம். எதிரே இருப்பவர் இருமினால் "இருமுகிறார்", அழுதால் "அழுகிறார்", பேசாமல் இருந்தால் "பேசாமல் இருக்கிறார்". எல்லாம் பதிவாகும். ஆனால் அங்கே கேட்டதை வீட்டில் மூச்சுவிட மாட்டார். நானும் சுற்றி வளைத்து, உருட்டிப் புரட்டிக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அண்ணன் ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னான், "அவகிட்டேருந்து விஷயம் வாங்கறதுக்கு நீ மரத்துகிட்ட போய்க் கேட்கலாம்."

நான்கு வருடங்களுக்கு முன்னால் பாலத்தின் மேல் கல்லெறி நடந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் போலீஸைக் கண்டால் தெருவை மாற்றிப் போனார்கள். திருட்டுப் போனாலும் வாயைத் திறப்பதில்லை. அப்போதுதான் புது இன்ஸ்பெக்டர் வந்தார். அந்தப் பக்கத்து ஆள். ஒட்டடைக்குச்சி உயரம், மெதுவான பேச்சு. வந்த மாதமே அண்ணியைக் கூப்பிட்டு, "எங்கள் ஆட்களுக்கு உங்கள் மொழியில் நாற்பது சொல் சொல்லிக் கொடுங்கள்" என்றாராம். அண்ணி இரண்டு வாரம் உட்கார்ந்து யோசித்து, சட்டைப் பையில் அடங்குகிற ஒரு சின்னப் புத்தகம் தயாரித்தார். இந்தப் பக்கம் எங்கள் சொல், அந்தப் பக்கம் அதற்கு அர்த்தம். முதல் வரி, "ம் – ஆம்". இரண்டாவது "வாங்க". மூன்றாவது "உக்காருங்க". எடுத்த எடுப்பிலேயே சுலபமாக ஒன்று வந்துவிட்டால் போலீஸ்காரர்களுக்குப் பயம் போய்விடும் என்பது அவர் கணக்கு.

பயம் போகத்தான் செய்தது. ஒரு கான்ஸ்டபிள் எங்கள் தெருவுக்கு வந்து, தன் கடையில் தானே உட்கார்ந்து காய்கறி விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாவைப் பார்த்து "வாங்க, உக்காருங்க" என்றார். தெருவே சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்தபின் பழைய முறைப்பை எத்தனை நாள் முகத்தில் வைத்துக்கொண்டிருக்க முடியும். நான் கீழ்வீட்டு அறையில் துணி பிடித்துக் கொடுக்கிற தையல்காரி. என் மெஷின் மோட்டாரை ஒருவன் கழற்றிக்கொண்டு போனபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்டேஷனுக்குப் போனேன். மூன்றாம் நாள் மோட்டார் திரும்பி வந்தது. அன்றைக்கு அண்ணியைப் பற்றி நல்லதாக இரண்டு வார்த்தை சொன்னேன். அண்ணன் என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தான்.

இந்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, பாலத்தின் அந்தப் பக்க இறக்கத்தில் இருக்கும் மரக்கடை எரிந்தது. காவலாளி தண்ணீர் ஊற்றப் போய் இரண்டு கைகளும் வெந்துபோயின. அது அவர்கள் கடை, எனவே கொளுத்தியது நாங்கள் என்று அங்கே பேச்சு. புதன்கிழமை காலை எங்கள் கட்டடத்திலிருந்து சோபாக்காரரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

சோபாக்காரரின் அறை என் அறைக்கு அடுத்தது. பழைய சோபா, நாற்காலிகளுக்குப் புதுப் பஞ்சும் துணியும் போட்டுக் கொடுப்பார். அவருடைய மெத்தை உறைகளைத் தைத்துக் கொடுப்பது நான். அதிர்ந்து பேசாத மனிதர். தெருவில் யாருக்கு மனக்குறை என்றாலும் அவர் அறையில் போய்த்தான் கொட்டுவார்கள். அவரும் கை வேலையை விடாமல் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருப்பார். மருமகள் சரியில்லை என்பவரும் அங்கேதான், மாமியார் சரியில்லை என்பவரும் அங்கேதான். தீப்பற்றிய அன்று மாலை அவர் கையில் பசை டின்னோடு அந்தப் பக்கம் நடந்து போனதை யாரோ பார்த்திருந்தார்கள். பசை நன்றாக எரியும்.

அன்று அண்ணி வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"பூச்சிக்கும் கெடுதல் நினைக்காத மனுஷனை உள்ள போட்டிருக்காங்க. நடுவுல உக்காந்து நீங்க என்ன பண்ணினீங்க அண்ணி?"

அண்ணி செருப்பைக் கழற்றினார். பதினாறு வருடத்தில் சொல்லாததைச் சொன்னார்.

"அவரே ஒத்துக்கிட்டார். என் காதால கேட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணியிடம் நூறு குறை கண்டுபிடிப்பேன், ஆனால் அவர் வாயில் பொய் வராது. அப்படியானால் சோபாக்காரர் செய்திருக்கிறார். இத்தனை வருடம் பக்கத்து அறையில் ஒரு கொள்ளிக்கட்டையை வைத்துக்கொண்டு எப்படி இருந்தேன் என்று பதறினேன். மறுநாள் காலை அவர் அறைக்குப் போய், நான் தைத்துக் கொடுத்திருந்த உறைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

நான் சொல்லித் தெருவுக்குத் தெரிந்தும் யாரும் அண்ணியின் பேச்சை நம்பவில்லை. அவர் படி ஏறினால் படியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து போனார்கள். திங்கட்கிழமை சோபாக்காரரைக் கோர்ட்டுக்குக் கொண்டு போவதாக இருந்தது. காவலாளியின் கை போய்விட்டதால் பத்து வருடத்துக்குக் குறையாது என்று பேசிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணி என் அறையில் ஒரு சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் உட்கார்ந்தால் யோசனை ஓடுகிறது என்று கீழே வந்திருந்தார். நான் என் வழக்கப்படி ஒரு வாடிக்கையாளரைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

"மாடி வீட்டு நர்ஸ் இருக்காளே, ஒரே பேன்ட்டை மூணு தடவை கொண்டு வந்துட்டா."

"ம்."

"மொதல்ல அரை இஞ்ச் குறைன்னா. அப்புறம் கூட்டுன்னா. இப்ப பழையபடியே வேணுமாம்."

"ம்."

"நான் என்ன செவுத்துகிட்டயா பேசிட்டிருக்கேன்?"

"ம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அண்ணி, அந்த மரக்கடையைக் கொளுத்தினது நான்தான்."

"ம்."

"தீப்பெட்டி நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க."

"ம்."

"காவலாளி உள்ள இருக்கான்னு தெரிஞ்சேதான் ரெண்டு பேரும் செஞ்சோம்."

"ம்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நல்லா ஒத்துக்கிட்டீங்க போங்க. இன்ஸ்பெக்டருக்கு போன் போடட்டுமா? நாத்தனாரும் அண்ணியும் ஒண்ணா உள்ள போனாங்கன்னு பேராவது இருக்கும்."

ஊசி பாதியில் நின்றது. அண்ணி தலை தூக்கினார்.

"இப்ப என்ன சொன்னே?"

சொன்னேன், விளையாட்டாகத்தான்.

"அதுக்கு நான் என்ன சொன்னேன்?"

"ம்-ன்னீங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. சட்டை மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, அதை எடுக்கவில்லை. எனக்கு விளையாட்டு போய் பயம் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன், வாங்கி அப்படியே வைத்திருந்தார். பிறகு பேச ஆரம்பித்தார்.

"சார் கேள்வி மாதிரி கேட்க மாட்டார். நடந்ததை வரிசையா சொல்லிட்டே போவார். 'செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ பாலத்தைத் தாண்டி வந்தே.' நான் அதை நம்ம பேச்சுல சொன்னேன். சோபாக்காரர் 'ம்'ன்னார். நான் சார்கிட்ட 'ஆம்'னேன். 'கையில பசை டின் இருந்தது.' ம். ஆம். 'மரக்கடைக்குப் பின்னால போய் நின்னே.' ம். ஆம். 'ஊத்தினே.' ம். ஆம். பதினோரு தடவை சொன்னார். பதினோரு தடவையும் ஆம்னேன்."

"கடைசியில?"

"கடைசியில 'நான் அப்படி எதுவும் பண்ணலைங்க'ன்னார். அதையும் அப்படியே சொன்னேன். இவ்வளவு நேரம் ஒத்துக்கிட்டு இப்ப மாத்திப் பேசறான்னு சார் எழுதிக்கிட்டார். எனக்கும் அப்படித்தான் பட்டது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருவர் பேசும்போது நாம் உம் கொட்டுகிறோம். கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லு என்று அதற்கு அர்த்தம். கொட்டாமல் இருந்தால் அவமரியாதை, பேசுகிறவருக்குக் கோபம் வரும். அந்தப் பக்கத்தில் அப்படி இல்லை. அங்கே ஒருவர் பேசினால் மற்றவர் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் மரியாதை. "ம்" என்று சொல்லிவிட்டால் சம்மதம், வேறு அர்த்தமே கிடையாது.

"இது உங்களுக்குத் தெரியாதா அண்ணி? நீங்க பேசற பேச்சுதானே?"

"மொத வாரமே பழைய இன்ஸ்பெக்டர்கிட்ட கேட்டேன். 'ம்'னா என்ன சொல்றதுன்னு. ஆமான்னு சொல்லு, இல்ல இல்லைன்னு சொல்லு, நடுவுல ஒண்ணும் கிடையாதுன்னுட்டார். நான் ஆம்னு வெச்சுக்கிட்டேன். அப்புறம் அதைப் பத்தி நான் யோசிக்கவே இல்லை. நாக்கு தானா சொல்லிட்டுப் போச்சு."

"சரி விடுங்க, சோபாக்காரர் ஒருத்தர்தானே, இப்பவே போய்ச் சொன்னா விட்டுடுவாங்க" என்றேன். அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பதினாறு வருஷம்" என்றார். "நாற்பது சொல்லுல மொத சொல்லு அதுதான். அறுபது போலீஸ்காரங்க பையில வெச்சுக்கிட்டுத் தெருவுல சுத்தறாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை, முனையில் இருக்கும் ரொட்டிக்கடைக்காரரிடம் போக வேண்டும் என்றார் அண்ணி. துணைக்கு நான். எதற்கு என்று கேட்கவில்லை, தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன் அவருடைய ரொட்டி வண்டி, அந்தப் பக்கத்தில் ஒரு வாத்தியாரை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டதாக வழக்கு. பதினான்கு மாதம் உள்ளே இருந்தார். இடிபட்டவர் ரொட்டிக்கடைக்காரர் மகளுக்குப் பாடம் சொன்ன வாத்தியார். அந்தப் பெண் அன்றைக்கு அப்பாவிடம் பேச்சை நிறுத்தியதுதான், இன்றுவரை இல்லை. பஸ் பிடித்து ஒரு மணி நேரத் தூரத்தில் வேலை பார்க்கிறாள், வருவதே கிடையாது.

அவர் மாவு படிந்த கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வாங்கம்மா" என்று அண்ணிக்கு முக்காலி எடுத்துப் போட்டார். தெருவே ஒதுக்குகிற நேரத்தில் அவர் ஒருவர்தான் அண்ணியை உட்காரச் சொன்னார்.

அண்ணி உட்காரவில்லை. "அன்னிக்கு ஸ்டேஷன்ல, சார் வரிசையா சொல்லிட்டு வந்தார் இல்லைங்களா. ஒவ்வொண்ணுக்கும் நீங்க 'ம்'ன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா."

"அது எதுக்குங்க சொன்னீங்க?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "அவர் பேசிட்டிருந்தார்ல, கேட்டுட்டிருந்தேன். பெரிய அதிகாரி பேசும்போது பொம்மை மாதிரி உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்."

அண்ணியின் கை என் கையைப் பிடித்தது.

"அப்புறம் நான் ஒத்துக்கிட்டதா எழுதியிருக்குன்னாங்க" என்று அவரே தொடர்ந்தார். "எனக்கு இடிச்ச மாதிரி ஞாபகமே இல்லை. ஆனா நடுவுல உக்காந்திருந்தது நீங்க. நீங்க ஒண்ணு கிடக்க ஒண்ணு சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். சரி, எனக்குத் தெரியாமலே வண்டி எங்கயோ பட்டிருக்கும், நானும் ஏதோ வாய் தவறிச் சொல்லியிருப்பேன்னு நினைச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லைம்மா. தெரியாம இடிக்கற கையை நம்பி எப்படி ஓட்டறது."

கடவுளே, இந்த மனிதர் ஒன்பது வருடமாகத் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு ரொட்டி சுட்டிருக்கிறார். அதுவும் எங்கள் அண்ணி மேல் வைத்த நம்பிக்கையால். அண்ணி திரும்பி நடந்தார். "ரொட்டியாவது வாங்கிட்டுப் போங்கம்மா" என்று அவர் பின்னால் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டான். அவன் ஒன்றும் கெட்டவன் இல்லை, பயந்தவன்.

"சோபாக்காரர் விஷயத்துல மட்டும் தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லு. அவரை விட்டுடுவாங்க. பழசையெல்லாம் கிளறாதே. வேலை போறது இருக்கட்டும், அந்தப் பக்கத்துக்காரங்க நீ உன் ஆளுங்களைக் காப்பாத்த நாடகம் போடறேம்பாங்க. நம்ம ஆளுங்க நீதான் எங்களை உள்ள தள்ளினேம்பாங்க. ரெண்டு பக்கமும் நிக்க இடம் இருக்காது."

"இப்ப மட்டும் இருக்கா?" என்றார் அண்ணி.

அன்று மத்தியானமே ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் ஞாயிறு என்றும் பார்க்காமல் இருந்தார். அண்ணி சொல்லச் சொல்ல அவர் வாய் திறக்காமல் கேட்டார், அவர்கள் மரியாதைப்படி. முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார், "உங்கள் தெரு ஆட்கள் மிரட்டினார்களா?" எனக்கு அந்த மொழி ஓரளவு புரியும். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அண்ணி என் தோளைப் பிடித்து அமுக்கினார்.

"இவளை விசாரியுங்கள் சார்" என்றார். "இவள் செய்யாத ஒன்றைச் சொல்லி, எப்போதும்போல விசாரியுங்கள்."

விசாரணை அறை நான் நினைத்ததைவிடச் சின்னது. மேசையைத் தரையோடு திருகு போட்டு இறுக்கியிருந்தார்கள். ஜன்னல் இல்லை, தண்ணீர் காகிதக் கோப்பையில் இருந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன சொன்னாலும் "ம்" சொல்லக் கூடாது என்று எனக்கு நானே சத்தியம் செய்யாத குறை. இன்ஸ்பெக்டர் மெதுவாக ஆரம்பித்தார். அண்ணி அதே வேகத்தில் எங்கள் பேச்சில் சொன்னார். போன வருடம் உன் மோட்டார் காணாமல் போனது. வாயை இறுக்கி மூடினேன். காலையில் அறையைத் திறக்க வந்தாய். பூட்டு உடைந்திருந்தது. பக்கத்து ஆட்களிடம் சொன்னாய். பிறகு பாலத்தைத் தாண்டி எங்களிடம் வந்தாய். எனக்கு அந்தக் காலை அப்படியே கண்ணில் வந்துவிட்டது. இதை எல்லாம் இந்த மனிதர் எவ்வளவு ஞாபகமாக வைத்திருக்கிறார் என்று ஆச்சரியம். உண்மையில் யாரும் திருடவில்லை. நீயே கழற்றி ஒளித்து வைத்தாய். எங்கள் பக்கத்து ஆள் மேல் பழியைப் போட்டாய்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்ன?" என்றேன். "நான்தான் வாயே திறக்கலையே."

அண்ணி சொன்னார், "அஞ்சு தடவை சொல்லிட்டே."

இன்ஸ்பெக்டர் மேசை மேல் இருந்த ரெக்கார்டரைத் தட்டினார். என் குரல் வந்தது. பூட்டு உடைந்திருந்ததற்கு "ம்". பக்கத்து ஆட்களிடம் சொன்னதற்கு "ம்". பாலத்தைத் தாண்டியதற்கு "ம்". நீயே கழற்றினாய், "ம்". பழியைப் போட்டாய், "ம்". பவ்யமாக, இழுத்து, ஒவ்வொன்றையும் நானே தலையில் தூக்கி வைத்துக்கொண்டது போல. சத்தியமாக எனக்குத் தெரியவே இல்லை. என் தொண்டை என்னைக் கேட்காமல் இதைச் செய்திருக்கிறது.

இன்ஸ்பெக்டர் சோபாக்காரரின் பதிவை எடுத்துப் போட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. பாதியிலேயே நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தார். ஓரங்கள் தேய்ந்துபோயிருந்தன, தினமும் பார்த்திருக்கிறார் பாவம். நம்மை நெருங்கி வருவதற்காக அந்த மனிதர் ஆசை ஆசையாகக் கற்றுக்கொண்ட முதல் சொல். அதன் மேல் விரலை வைத்து, "எத்தனை பேர்?" என்றார்.

"தெரியாது சார். எல்லாப் பதிவையும் திரும்பக் கேட்க வேண்டும்."

"இதை நான் மேலே எழுதினால் உங்களுக்கு என்ன ஆகும் என்று தெரியுமல்லவா?"

"தெரியும்."

"எனக்கும் ஆகும்" என்றார். பேனாவை எடுத்தார்.

சோபாக்காரர் செவ்வாய்க்கிழமை மாலை எங்கே போனார் என்பதை அவர் சொல்லியும் யாரும் விசாரித்திருக்கவில்லை. ஒத்துக்கொண்ட ஆளை எதற்கு விசாரிப்பது. அந்தப் பக்கத்துப் பல் டாக்டர் அம்மா ஒருவரின் கிளினிக்கில் நாற்காலிக்குத் தோல் ஒட்டப் போயிருக்கிறார். திங்கட்கிழமை காலை இன்ஸ்பெக்டரே போய்க் கேட்டதும் அந்த அம்மா நேராகக் கோர்ட்டுக்கு வந்துவிட்டார். தீப்பிடித்த நேரத்தில் சோபாக்காரர் தன் எதிரில்தான் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார் என்று சொன்னார். மரம் அறுக்கும் மெஷினின் ஒயர் உருகியதுதான் தீக்குக் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. சோபாக்காரர் வெளியே வந்தார். நான் எடுத்து வந்த உறைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார். இப்போது யார் போய் எதைக் கொட்டினாலும் அவர் உம் கொட்டுவதில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால் அந்த அறைக்கு யாரும் போவதில்லை.

பாலத்தின் இரண்டு முனையிலும் இரண்டு மொழியில் அறிவிப்பு ஒட்டினார்கள். அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. அந்தப் பக்கத்தில், குற்றவாளிகளை வெளியே எடுக்க இது ஒரு தந்திரம் என்றார்கள். இந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். திட்டுவதற்கு வந்தவர்கள் பாதி, என் பிள்ளை கேஸையும் பார்க்கச் சொல்லுங்கள் என்று வந்தவர்கள் பாதி. ஒரே ஆள் திட்டி முடித்துவிட்டு மனுவும் கொடுத்தார். இருநூற்றுப் பதினேழு பதிவுகளைத் திரும்பக் கேட்கிறார்கள். அதற்குப் புதிதாக இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள், இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவர். இன்ஸ்பெக்டரை இடம் மாற்றப் போவதாகப் பேச்சு இருக்கிறது, இன்னும் மாற்றவில்லை. புத்தகத்தின் முதல் வரியை அவர் தன் கையாலேயே அடித்துவிட்டு "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று எழுதி அச்சடிக்கக் கொடுத்தாராம். அண்ணியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். என் அறையில் உட்கார்ந்து பழைய தையலைப் பிரித்துக் கொடுக்கிறார். நான் அவரை ஒன்றும் சொல்வதில்லை. அதுவே அவருக்குக் கஷ்டமாக இருக்கிறதோ என்னவோ.

போன வாரம் காலை பதினோரு மணிக்கு ரொட்டிக்கடைக்காரர் வந்தார். கையில் பிரிக்காத கவர்.

"ஸ்டேஷன்லேருந்து வந்திருக்கும்மா. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

அண்ணி பின்னுக்கு நகர்ந்தார். "நான் படிக்கக் கூடாதுங்க. வேற யாராவது படிக்கட்டும். அறிவிப்பைப் பார்க்கலையா நீங்க?"

"என்னவோ ஒட்டியிருக்குன்னாங்க. நம்ம கேஸ் முடிஞ்சு எத்தனையோ வருஷமாச்சு, அதுல நமக்கென்ன. நீங்க படிங்க. நீங்க படிச்சா அதுல இருக்கறது அப்படியே வரும்."

எனக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. அண்ணி கவரைப் பிரித்தார். ஒன்பது வருடத்துக்கு முந்தைய வழக்கில் உங்கள் வாக்குமூலம் தவறாகப் பதிவாகியிருப்பதால் அது செல்லாது, வழக்கு மறுபடி விசாரிக்கப்படும் என்று வரி வரியாகச் சொன்னார். அவர் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"தவறான்னா? யாரு பண்ணின தவறுன்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்குங்க. நடுவுல இருந்து சொன்னவ தப்புன்னு போட்டிருக்கு. அது நான்தான்."

நான் எட்டிப் பார்த்தேன். அந்த மொழியை எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்குத் தெரியும். கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லவே இல்லை.

அவர் ஒரு படி உள்ளே வந்தார்.

"அப்ப நான் வாத்தியாரை இடிக்கலையா?"

"இடிச்சீங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா இடிச்சேன்னு நீங்க ஒருநாளும் சொல்லலை. நான்தான் சொன்னேன்."

அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கை ஓங்கினாலும் தடுக்கக் கூடாது என்றுகூட நினைத்தேன். அவர் கடிதத்தை வாங்கி மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார்.

"என் பொண்ணுகிட்ட இதைச் சொல்லணும்" என்றார். "நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க வந்து சொன்னா நம்புவா."

அண்ணி எழுந்தார். செருப்பு மாட்டப் போனார். இடது காலை வலது செருப்பில் நுழைத்துக்கொண்டிருந்தார், அது போகவில்லை, மறுபடி மறுபடி நுழைத்தார். நான் குனிந்து செருப்பை மாற்றிப் போட்டுவிட்டேன்.